ஹைஏஸ் டீசல் வேனும் ஹீட்டர் பிளக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி, தை மாதங்களில் நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் பக்கத்து வேன் சாரதிகளிடம் பேச்சுக் கொடுத்தால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாத கதைதான் முதலில் வரும். பாடசாலைப் பிள்ளைகளையும் தொழிற்சாலை வேலையாட்களையும் ஏற்றிப் போகிறவர்களுக்கு ஆறு மணிக்கு எஞ்சின் ஓடியே ஆக வேண்டும். ஆகவில்லையென்றால் பலர் நேராகக் கடைக்குப் போய் நான்கு ஹீட்டர் பிளக் (குளிர்ந்த எஞ்சினில் டீசல் பற்ற உதவும் மின்சூடேற்றி, சிலிண்டருக்கு ஒன்று) வாங்கி வருகிறார்கள். பலருக்கு அந்தச் செலவு தேவையே இல்லை. கையில் ஒரு மல்டிமீட்டரும் (வோல்ட்டும் மின்தடையும் அளக்கும் கருவி) கொஞ்சம் பொறுமையும் இருந்தால் எது பழுது என்று வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே சொல்வதெல்லாம் 2எல், 3எல், 5எல் டீசல் எஞ்சின் பூட்டிய பழைய டொயோட்டா ஹைஏஸ்களுக்கு, அதாவது இலங்கையில் 'டொல்பின்' என்று அழைக்கப்படும் உடலமைப்புக்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் பொருந்தும். இவற்றுக்குப் பின் வந்த கே.டி.எச். வேன்களைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி உண்டு.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. ஹீட்டர் பிளக்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் வேனின் பின்னால் ஒருவரை நிறுத்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது சைலன்சரில் என்ன வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வெள்ளைப் புகை திரளாக வந்து, கண்ணை எரிக்கும், எரியாத டீசல் வாடை அடித்தால், டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் பற்றவில்லை என்று பொருள். ஹீட்டர் பிளக் மீது சந்தேகப்பட இது நல்ல காரணம். கொஞ்ச நேரம் சுற்றியபின் ஒரு சிலிண்டர் மட்டும் பிடித்து, வேன் முழுவதும் குலுங்கிக் குலுங்கி ஓடி, ஒரு நிமிடத்தில் புகை அடங்கிச் சீராகிவிட்டால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

புகையே வரவில்லையா? அப்படியானால் டீசலே போகவில்லை. இந்த நிலையில் எத்தனை புது பிளக் போட்டாலும் பயன் இல்லை. டீசல் ஃபில்டரின் தலையில் உள்ள கைப் பம்பை அழுத்திப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் அது தொளதொளவென்று இறங்கி, பல முறை அழுத்தியபின்தான் இறுகுகிறது என்றால் குழாயில் எங்கோ காற்று நுழைகிறது. அழுத்தி இறுக்கியதும் வண்டி உடனே பிடித்துக்கொண்டால் விடை கிடைத்துவிட்டது: குழாய் இணைப்பையும் ஃபில்டர் வாஷரையும் கவனியுங்கள். பம்ப் இறுகியும் புகை வராவிட்டால், இன்ஜெக்ஷன் பம்பில் டீசலைத் திறந்துவிடும் சொலினாய்டுக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, ஸ்டார்ட்டர் சுற்றும் வேகம். டீசல் எஞ்சினில் வெப்பம் பிறப்பது காற்றை வேகமாக அழுத்துவதால்தான். மெதுவாகச் சுற்றினால் அந்த வெப்பம் சிலிண்டர் சுவரிலேயே கரைந்துவிடும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியையும் அதன் முனைகளையும் எஞ்சினுக்குப் போகும் எர்த் வயரையும் சரிசெய்யுங்கள். சரிவில் உருட்டி கியரில் போட்டால் மட்டும் பிடிக்கிற வண்டிகளில் இந்தக் குறை அடிக்கடி இருக்கும். உருட்டி ஸ்டார்ட் செய்வதை வழக்கமாக்காதீர்கள். இந்த எஞ்சின்களில் டைமிங் பெல்ட்தான் இருக்கிறது, ஒவ்வொரு குலுக்கலும் அதன் பற்களில்தான் விழுகிறது.

கொழும்பில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது. நுவரெலியாவில்தான் மக்கர் செய்கிறது. ஏன்?

குளிர் ஒரு காரணம், உயரம் இன்னொரு காரணம். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்றும் அந்த அளவுக்கு மெலிந்தது. தேயிலைக் கொழுந்தில் பனி உறையும் சனவரிக் காலையில் அந்தக் காற்றுத் தரைக்கு அருகே பூச்சியத்தை நெருங்கியும் இருக்கும்.

இரண்டு பிளக் செத்துப்போன 3எல் எஞ்சின் கொழும்பில் கொஞ்சம் முனகிவிட்டு ஓடிவிடும். மலைக்கு வந்ததும் குட்டு வெளிப்படும். ஆகவே "நேற்று வரை நன்றாக ஓடியது" என்பதால் பிளக் நேற்றுத்தான் கெட்டது என்று எண்ணிவிடாதீர்கள். மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகப் போயிருக்கலாம்.

இந்த எஞ்சினுக்கு ஹீட்டர் பிளக் அவ்வளவு அவசியமா? புதிய டீசல் வண்டிகள் இல்லாமலே ஓடுகின்றனவே?

எஞ்சின் அமைப்பு வேறு. 2எல், 3எல், 5எல் எஞ்சின்களில் டீசல் நேராகப் பிஸ்டன் தலையில் தெளிக்கப்படுவதில்லை. சிலிண்டர் ஹெட்டுக்குள் இருக்கும் சிறு சுழல் அறைக்குள் தெளிக்கப்பட்டு, அங்கே பற்றி, ஒரு குறுகிய வாய் வழியாகச் சிலிண்டருக்குள் பாய்கிறது. ஓடும்போது சத்தம் குறைவு, சீரான எரிப்பு. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் அந்த அறையின் சுவர் முழுவதும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் அழுத்த விகிதம் 22க்கு 1 என்ற அளவுக்கு உயர்வாக வைக்கப்பட்டும், பிளக் இல்லாமல் காலையில் பற்றுவதில்லை. பிளக்கின் முனை 850 டிகிரிக்கு மேல் சிவந்து அந்த அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். டீசல் அதன்மேல் பட்டுத்தான் பற்றுகிறது.

டாஷ்போர்டில் ஹீட்டர் லைட் எரிந்து அணைகிறது. அப்படியானால் பிளக் சரிதானே?

இல்லை. பழைய ஹைஏஸில் அந்த லைட் வெறும் நேரங்காட்டி. டைமர் சொல்லும் நேரம் எரிந்துவிட்டு அணையும். நான்கு பிளக்கையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினாலும் அது அதேபோல எரிந்து அணையும். இந்த லைட்டை நம்பி ஏமாந்தவர்கள் அநேகம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: லைட் அணைந்தபின்னும் பிளக்குகளுக்குச் சிறிது நேரம் மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். ஸ்டார்ட் ஆனவுடன் புகையைக் குறைக்க அது தேவை.

வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

முன் இருக்கையைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். இன்ஜெக்டர்களின் வரிசையை ஒட்டி, டீசல் குழாய்களுக்கு இடையில், நான்கு பிளக்குகளின் தலைகளையும் இணைத்தபடி ஓர் உலோகப் பட்டை ஓடும். அதில் ஒரு முனையில் தடித்த வயர் வந்து இணையும். இந்தப் பட்டைதான் நான்குக்கும் மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, கறுப்பு முனையைச் சுத்தமான எஞ்சின் உலோகத்தில், சிவப்பு முனையைப் பட்டையில் பிடியுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். உதவிக்கு ஒருவர் சாவியைத் திருப்பட்டும். பேட்டரி வோல்ட்டை ஒட்டி 11 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ வந்தால் மின்சாரம் வருகிறது. வரவில்லையென்றால் பிளக்குகளை இப்போதைக்கு விட்டுவிட்டு, அடுத்த கேள்விக்குப் போங்கள்.

மின்சாரம் வந்தால் சாவியை அணைத்து, பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட்டு, பட்டையைக் கழற்றுங்கள். சிறு நட்டுகள் 8 மில்லிமீட்டர். ஒன்று கை தவறி விழுந்தாலும் எஞ்சின் இடுக்கில் தேடுவது பெரும்பாடு, ஆகவே கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். பட்டை கழன்றதும் ஒவ்வொரு பிளக்கும் தனியாகிவிடும். பட்டையைக் கழற்றாமல் அளந்தால் நான்கும் சேர்ந்து ஒரே அளவைத்தான் காட்டும், செத்த பிளக் மற்றவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

இப்போது மீட்டரை ஓம் நிலைக்கு மாற்றி, பிளக்கின் தலைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே அளவிடுங்கள். நல்ல பிளக் 2 ஓமுக்குக் குறைவாகக் காட்டும். பெரும்பாலும் 1 ஓமைச் சுற்றி இருக்கும். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள். மலிவான மீட்டரில் அதுவே அரை ஓம் இருக்கும். எண்ணே வராமல் திறந்த சுற்று என்று காட்டினால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகக் காட்டினால் அதுவும் போகப்போகிறது.

மீட்டர் இல்லையா? ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லைட் போதும். பேட்டரியின் எர்த் முனையைத் திரும்பப் பூட்டிவிட்டு, டெஸ்ட் லைட்டின் கவ்வியைப் பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டி, முனையால் பிளக்கின் தலையைத் தொடுங்கள். எரிந்தால் கம்பி அறுபடவில்லை. பிளக் முழு வெப்பம் தருகிறதா என்பதை மட்டும் இது சொல்லாது.

பட்டைக்கு மின்சாரமே வரவில்லை. எங்கே தேடுவது?

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். தடித்த வயர் முதலில் மெயின் பியூஸ் வழியாக ரிலேக்குப் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) போகிறது. பட்டையின் காப்புத் தொப்பி கழன்று உலோகம் எங்காவது உரசியிருந்தால் அந்த பியூஸ் எரிந்திருக்கும்.

பியூஸ் சரியென்றால் ரிலே. சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று சத்தம் கேட்டால் ரிலே நன்றாக இருக்கிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சத்தம் உள்ளேயிருக்கும் காந்தச் சுருள் இழுப்பதால் வருகிறது. மின்சாரத்தைக் கடத்தும் தொடுமுனைகள் கருகிப்போயிருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். ரிலே இழுத்திருக்கும்போது அதன் இரு தடித்த முனைகளுக்கும் இடையே வோல்ட் அளவிடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உள்ளே கருகியிருக்கிறது, மாற்றிவிடுங்கள். சத்தமே இல்லையென்றால் ரிலேயின் மெல்லிய வயரில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் குறை டைமரிலோ தண்ணீர் வெப்பத்தை அறியும் சென்சாரிலோ அதன் வயரிலோ இருக்கும். சென்சார் கெட்டு, எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருப்பதாகச் சொன்னால் டைமர் பிளக்குகளை உடனே அணைத்துவிடும்.

ஒன்று மட்டும் கெட்டிருந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாமா?

மற்ற மூன்றும் அண்மையில் போட்டவை என்றால் தாராளமாக. எல்லாம் ஒரே வயதுப் பழையவை என்றால் நான்கையும் மாற்றிவிடுவது நல்லது. வெவ்வேறு தயாரிப்புகளைக் கலந்து போடாதீர்கள். ஒன்று சீக்கிரம் சூடேறும், மற்றொன்று தாமதிக்கும்.

கடையில் பல வகை காட்டுகிறார்கள். எது என் வேனுக்கு?

இந்தக் கேள்வியில்தான் அதிகப் பணமும் எஞ்சினும் வீணாகின்றன. நூலும் நீளமும் ஒன்றுபோல இருந்தாலும் பிளக்கின் வோல்ட் வேறாக இருக்கலாம். டொயோட்டாவின் எல் எஞ்சின்களிலேயே ஒரு ரிலே கொண்டு 11 அல்லது 12 வோல்ட் வகைப் பிளக்கை ஓட்டும் அமைப்பும் உண்டு. இரண்டு ரிலேயும் ஒரு ரெசிஸ்டரும் கொண்டு 6 வோல்ட் பிளக்கை ஓட்டும் 'சூப்பர் குளோ' அமைப்பும் உண்டு. இரண்டாவதில் முதல் ரிலே சில விநாடிகள் முழு பேட்டரி வோல்ட்டைக் கொடுத்துச் சட்டென்று சிவக்க வைக்கும், பிறகு இரண்டாவது ரிலே ரெசிஸ்டர் வழியாகக் குறைந்த வோல்ட்டில் அந்தச் சூட்டைக் காக்கும்.

6 வோல்ட் பிளக்கைச் சாதாரண அமைப்பில் போட்டால் சில காலைகளிலேயே கருகும், சில நேரம் முதல் காலையிலேயே. 12 வோல்ட் பிளக்கை சூப்பர் குளோவில் போட்டால் டைமர் அணைக்கும்போது அது இன்னும் சிவந்திருக்காது. பழைய பிளக்கைக் கையில் கொண்டுபோய் "இதேபோல் ஒன்று" என்று கேட்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை, ஏனென்றால் முன்பு போட்டவரே தவறாகப் போட்டிருக்கலாம். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் வகையையும் சொல்லி, டொயோட்டாவின் உதிரிப்பாக எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியிலோ பிளக்கின் உடலிலோ அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். இறக்குமதி வேன்களில் எஞ்சினையே மாற்றிப் பூட்டியவை நிறைய உண்டு. அப்படியிருந்தால் எஞ்சினை மட்டும் பார்த்தால் போதாது, எத்தனை ரிலே இருக்கிறது என்றும் பாருங்கள்.

கழற்றும்போது முறிந்துவிடும் என்கிறார்களே?

அந்தப் பயம் நியாயமானது. பல வருடம் அசையாத பிளக்கைச் சுற்றிக் கரி இறுகியிருக்கும். முந்தைய நாள் மாலை ஒவ்வொரு பிளக்கின் அடியிலும் துரு தளர்த்தும் எண்ணெய் விடுங்கள். மறுநாள் வேனை ஓட்டிச் சூடாக்கி, எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது கழற்றுங்கள். நீண்ட 12 மில்லிமீட்டர் சாக்கெட் பிளக்கில் நேராக உட்கார வேண்டும். சாய்ந்தால் முறியும்.

குட்டைக் கைப்பிடி போதும். நீண்ட கைப்பிடியைப் போட்டால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே கைக்குத் தெரியாது. எம்10 நூலுள்ள பிளக் சுமார் 35 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தைத் தாண்டினால் முறியும் அபாயம் தொடங்குகிறது. அசைந்ததும் கால் சுற்றுத் தளர்த்தி, திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மீண்டும் தளர்த்துங்கள். கிறீச்சென்று இழுக்கும் சத்தம் வந்தால் நிறுத்தி, எண்ணெய் ஊறட்டும் என்று விடுங்கள். அடிக்கும் இம்பாக்ட் துப்பாக்கியை இதன் பக்கமே கொண்டுவரக் கூடாது.

முறிந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். மிச்சத்தைத் துளையிட்டு எடுக்கக் கருவிகள் உண்டு, ஆனால் உலோகத் தூளோ முனைத் துண்டோ சுழல் அறைக்குள் விழுந்தால் அது பிஸ்டன் மேல் வந்து சேரும். அனுபவமுள்ள லேத் பட்டறையிடம் ஒப்படையுங்கள். ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும் என்றால் கழற்றட்டும்.

கழற்றிய பிளக்கைத் தூக்கி எறிந்துவிடலாமா?

எறிவதற்கு முன் எந்த பிளக் எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று குறித்து, துணியில் வரிசையாக வைத்து, முனைகளை வெளிச்சத்தில் பாருங்கள். பிளக் ஏன் செத்தது என்பது அந்த முனையில் எழுதியிருக்கிறது. இதைப் பார்க்காமல் புதியது போட்டால் அதே காரணம் அதையும் கொல்லும்.

சாம்பல் கலந்த கறுப்பில் உலர்ந்த மெல்லிய கரி, குழல் நேராக, முனை உருண்டையாக இருக்கிறதா? வயதாகிச் செத்த பிளக். கவலை இல்லை.

முனையிலிருந்து சற்று மேலே குழல் வீங்கி, தோலில் நீளவாக்கில் மயிரிழை வெடிப்புத் தெரிகிறதா? விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். இது அளவுக்கு மீறிய மின்சாரம் குடித்த பிளக்: தவறான வோல்ட், ஒட்டிக்கொண்டு விடாத ரிலே, அல்லது யாரோ வைத்த தனி சுவிட்ச். வீக்கம் பெரிதாக இருந்தால் நூல் கழன்றபின்னும் பிளக் துளையைவிட்டு வெளியே வராது. வலிந்து இழுத்தால் முனை உள்ளேயே நின்றுவிடும்.

முனை உருகி, கரைந்து, ஊசிபோல் கூராகி, அல்லது பாதியே காணாமல் போயிருக்கிறதா? குற்றவாளி பெரும்பாலும் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர். மூடுபனியாகத் தெளிக்க வேண்டிய டீசலை அது தாரையாக ஊற்றுகிறது, தீ பிளக்கின் மேலேயே நின்று எரிகிறது. நான்குமே அப்படியிருந்தால் பம்ப் டைமிங் முன்கூட்டி வைக்கப்பட்டிருக்கலாம். இன்ஜெக்டர்களைக் கழற்றி, டீசல் பம்ப் வேலை செய்கிற இடத்தில் அழுத்தமும் தெளிப்பும் சோதித்த பிறகே புது பிளக் பூட்டுங்கள். முனைத் துண்டு காணாமல் போயிருந்தால் அது எங்கே என்று தெரியாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்குடன் கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரில் எண்ணெய் ஏறுகிறது அல்லது அழுத்தம் குறைவு.

புதியதைப் பூட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

துளையிலுள்ள கரியை, அதற்கென்று விற்கும் ரீமர் என்ற துளை சுரண்டும் கருவியில் கிரீஸ் தடவிக் கையால் சுற்றி எடுங்கள். கரி கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். பிளக்கை விரலாலேயே கடைசி வரை திருக முடிய வேண்டும். பாதியில் இறுகினால் நூல் மாறி ஏறுகிறது, கழற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். இறுதி முறுக்கம் 13 நியூட்டன் மீட்டர் மட்டுமே. பட்டையின் தொடுமிடங்களை மெல்லிய உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, காப்புத் தொப்பிகளைத் திரும்பப் போட்டு, சிறு நட்டுகளை அளவாக இறுக்குங்கள். அவற்றை மூர்க்கமாக இறுக்கினால் பிளக்கின் தலைக் கம்பி உள்ளேயே சுழன்று அறுந்துபோகும்.

டைமர் கெட்டுவிட்டது. தனி சுவிட்ச் வைத்துக்கொள்ளலாமா?

மலைநாட்டில் பல வேன்களில் இது இருக்கிறது. 12 வோல்ட் பிளக் என்றால், சரியான முறையில் வைத்தால் குற்றம் இல்லை. அழுத்திப் பிடித்தால் மட்டும் வேலை செய்து, விட்டால் அணையும் பொத்தான்தான் வைக்க வேண்டும். அந்தப் பொத்தான் ரிலேயை மட்டும் இழுக்கட்டும். நான்கு பிளக்கும் சேர்ந்து சூடேறியபின்னும் 40 ஆம்பியருக்குக் குறையாமல் குடிக்கும், முதல் விநாடிகளில் இன்னும் அதிகம். இதை ஹார்ன் வயரில் கொண்டுபோனால் டாஷ்போர்டில் தீப்பிடிக்கும். குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் வயரும் பேட்டரிக்கு அருகில் தகுந்த பியூஸும் வேண்டும். 10 முதல் 15 விநாடி போதும். 6 வோல்ட் பிளக்குள்ள வேனில் இதைச் செய்யவே கூடாது.

பிளக்கைச் சரிசெய்யும் வரை தீப்பந்தம், ஸ்ப்ரே, சுடுநீர் எல்லாம் போட்டுச் சமாளிக்கலாமா?

ஈதர் ஸ்ப்ரே வேண்டாம். ஈதர் 160 டிகிரியை ஒட்டித் தானாகவே பற்றும், உங்கள் பிளக்கோ அதைப்போலப் பல மடங்கு சூட்டில் இருக்கிறது. பிஸ்டன் மேலே வருமுன்பே வெடித்து ரிங்கையும் பிஸ்டனையும் உடைத்துவிடும். காற்று வாங்கும் குழாயில் எரியும் துணியைப் பிடிப்பதும் அப்படியே. ஃபில்டர் பற்றி வேனே எரிந்துபோகலாம். கொதிநீரைச் சிலிண்டர் ஹெட்டில் ஊற்றாதீர்கள், இந்த எஞ்சின்களின் ஹெட் ஏற்கெனவே வெடிப்புக்குப் பேர்போனது. அவசரம் என்றால் நல்ல பேட்டரி ஒன்றை இணையாகக் கொடுத்து, சாவியை இரண்டு மூன்று முறை திருப்பிச் சூடேற்றிச் சுற்றுங்கள். அது போதும்.

கே.டி.எச். வேனுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

அளக்கும் முறை பொருந்தும், அறிகுறி பொருந்தாது. 2கேடி, 1கேடி எஞ்சின்களில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் உயர் அழுத்தத்தில் தெளிக்கப்படுகிறது. கொழும்பில் நான்கு பிளக்கும் செத்திருந்தாலும் அவை ஸ்டார்ட் ஆகிவிடும். ஆகவே கே.டி.எச். நீண்ட நேரம் சுற்றினால் முதலில் இன்ஜெக்டர் கசிவையும் எரிபொருள் அழுத்தத்தையும் பாருங்கள், பிளக்கைக் கடைசியில் வையுங்கள்.

எல்லாம் புதியது. பட்டையில் மின்சாரமும் வருகிறது. இன்னும் காலையில் திணறுகிறது. என்ன செய்வது?

பிளக்குகளை மறுபடி கழற்றி, அதே துளை வழியாகச் சிலிண்டர் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். நல்ல 3எல் எஞ்சின் 450 பி.எஸ்.ஐ.யை (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) ஒட்டிக் காட்டும். 285க்குக் கீழே இறங்கிவிட்டாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 70 பி.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ குறை ரிங்கிலோ வால்விலோ ஹெட்டிலோ இருக்கிறது. முதலில் ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கட்டும்: அழுத்தம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அழுத்தம் நான்கிலும் சீராக இருந்தால் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இன்ஜெக்டர்களைச் சோதனைக்கு அனுப்புங்கள்.